மரத்தடியில் கூடிய சபை

வாரநாட்களில் சாம்சன் உத்திரமேரூர் கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் திருப்புலிவனம் போகும் வழியில், தானே தகரக் கூரை போட்டு எழுப்பிய சிறிய ஜெபவீட்டில் பிரசங்கம் செய்வார். ஆதாமைப் பற்றிப் பேசும் நாளில் ஏரிக்களிமண் கொண்டுவந்து, எல்லோர் எதிரிலும் பொம்மை பிடித்து அதன் மூக்கில் ஊதுவார். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

இந்த ஆண்டு அவருடைய தம்பி ஐசக் மாற்றலாகி இந்தப் பக்கம் வந்தான். உயிரியல் வாத்தியார். அப்பா செத்ததும் சாம்சன் பத்தாவதோடு நின்று வேலைக்குப் போனதால்தான் தம்பியால் படிக்க முடிந்தது. மனைவி கல்பனாவோடு அவன் தவறாமல் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

ஒருநாள் ஆராதனை முடிந்ததும், ஜெபவீட்டு வாசலில் இருந்த புங்கமரத்தடியில், சபைக்கு வரும் ஆண்டாளம்மாள் அவனை மடக்கினாள்.

"ஏன் ஐசக்கு, கொரங்குலேர்ந்துதான் மனுசன் வந்தானாமே, நெஜமா?"

"அப்டி இல்ல பெரிம்மா. கொரங்குக்கும் நமக்கும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரே மூதாதை."

"அப்போ பங்காளின்னு சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த சாம்சனுக்கு அந்தச் சிரிப்பு காதில் சுருக்கென்றது.

அதன்பிறகு வாரந்தோறும் மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. பிரசங்கத்தின் நடுவிலேயே சிலர் வாசல் பக்கம் பார்ப்பதாக சாம்சனுக்குத் தோன்றியது. ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி கீதா, "கொழந்த வயித்துல இருக்கறப்போ மொதல்ல வாலு இருக்குமாமே? ஐசக்கு சொல்லிச்சி" என்றாள். அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, "செல பேருக்கு பாட்டன் மரத்துல தொங்கிக்கினு இருந்தானாம். நம்ம பாட்டன் தேவன் கையில இருந்தான்" என்று பிரசங்கத்தில் குத்தினார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. ஐசக் குனிந்துகொண்டான். அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

நிம்மதி வரும் என்றுதான் சாம்சன் நினைத்தார். ஆனால் ஆராதனைக்கு வந்தவர்களெல்லாம், "தம்பி வர்லியா?" என்றே கேட்டார்கள். அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய், நின்றபடியே கேட்டார்.

"நீ தேவனை நம்புறியா இல்லியாடா?"

"நம்புறேண்ணா. நீ களிமண்ணைப் பெசையறப்போ எனக்கு இன்னும் ஒடம்பு சிலிர்க்குது. கிளாஸ்ல ஆதிமனுசன் மண்டையோட்டுப் படத்த காட்றப்பவும் அப்டித்தான் சிலிர்க்குது. ரெண்டுல எதையும் என்னால உட முடில."

சண்டைக்குப் போனவருக்கு அந்தப் பதில் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திட்டுவதற்குக்கூட இடம் வைக்கமாட்டேன் என்கிறானே!

"ஞாயித்துக்கெழம வா. ஆனா மரத்தாண்ட நிக்காத."

"சரிண்ணா."

சொன்னபடி வந்தான். ஆராதனை முடிந்ததும் நேராக பைக்குக்குப் போனான். கூட்டமும் பின்னாலேயே போய் பைக்கைச் சுற்றிக்கொண்டது. சாம்சன் வாசற்படியில் தனியாக நின்றார்.

"மாமா, நீங்களும் வாங்க" என்று கல்பனா கூப்பிட்டாள். வேண்டாவெறுப்பாகப் போனார்.

விவசாயி கன்னியப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். "மொதமொதல்ல மனுசன் இன்னா பாஷை பேசுனான் வாத்தியாரே?"

ஐசக் யோசித்தான். "தெரிலண்ணா. இதுவரிக்கும் யாராலயும் கண்டுபுடிக்க முடில."

பல நாளாக இல்லாத சந்தோஷம் ஒன்று சாம்சனுக்குள் எழும்பியது. "வேதத்துலயும் அது எழுதல, கன்னியப்பா. ஆனா பொண்டாட்டி வந்தப்புறம் ஆதாம் அதிகமா பேசியிருக்கமாட்டான்" என்றார்.

கொல்லென்று சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்க ஐசக்தான் சிரித்தான். சாம்சன் அவனைப் பார்க்கவில்லை. மற்ற முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.