கரியைக் கழுவியவன் நான்

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். அது ஜப்பானியர் முன்னே தள்ளி வைத்த நேரம்; வெயிலின் கணக்கில் ஒன்பதே கால். அப்போதுதான் நான் பசுவை ஓடையில் இறக்கினேன். அண்ணனை நாங்கள் இழந்தது அங்கிருந்து தொடங்கியது. யாரோ காட்டிக்கொடுத்ததாகவே உறவினர்களாகிய நீங்கள் நம்பி வந்தீர்கள். நானும் மறுக்கவில்லை. இறந்த திதி தெரியாததால் அவரைக் கூட்டிப் போன நாளையே நினைவு நாளாகக் கொண்டு இந்நினைவு மலரை அளிக்கிறோம். இதிலாவது உண்மையை எழுத வேண்டும்.

அண்ணன் நீலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தோம். காலையில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டி, மாலையில் மாடு மேய்த்து, பால் ஊற்றி என்னைப் படிக்க வைத்தார். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியானேன்.

தோட்டத் துரை கப்பலில் வரவழைத்த காளையின் வழியில் வந்தவை அவருடைய மாடுகள். உடல் முழுவதும் கறுப்பு. நடுவயிற்றைச் சுற்றி மட்டும் வேட்டி கட்டியது போல் வெள்ளைப் பட்டை. முதல் கன்றுகளைத் துரையிடம் கூலிக்குப் பதிலாக வாங்கினார். பெருகியவற்றை ராசா என்னும் ஊர் வரை நடத்திச் சென்று விற்றார். விற்கும் நாளில் மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பொட்டிட்டுத்தான் கயிற்றைக் கைமாற்றுவார்.

சண்டை வந்து துரை ஓடியதும், வெள்ளைக்காரர் உடைமையெல்லாம் தங்களுடையது என்றார்கள் ஜப்பானியர். பட்டை மாடு என்றாலே துரையின் மாடு என்பது அந்த வட்டாரத்தின் பேச்சு. அண்ணன் அடுப்புக்கரியைச் செம்பனை எண்ணெயில் குழைத்து, வாரந்தோறும் ஏழு மாடுகளின் பட்டையையும் மறைத்து வந்தார்.

அப்போது என் மகளுக்கு மலேரியா. அதற்கான கொய்னா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. ராசாவில் கடை வைத்திருந்த பாய் ஒருவர், கறவைப் பசு கொடுத்தால் தருவதாகச் சொன்னார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"நல்லதா ஒன்னு புடிச்சிக் குடு. கரிய மட்டும் கழுவிடாத."

"விக்கிற மாட்ட அழுக்கோடயாண்ணே குடுக்கிறது?"

"பாய் என்ன பொண்ணு பாக்கவா வராரு? அடேய் கிராணி, படிக்கப் படிக்க ஒனக்குப் புத்தி போவுதுலா." சிரித்துக்கொண்டே புல்லறுக்கப் போனார்.

இருந்தும் கழுவினேன். மகளின் உயிருக்காகக் கொடுக்கும் பசுவை முறைப்படி கொடுக்காவிட்டால் மருந்து பலிக்காது என்று மனம் அடித்துக்கொண்டது. வைக்கோலால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை தெரிந்தது. மீண்டும் பூச நேரம் இருந்தது. பாயின் கையில் கொய்னாப் பொட்டலத்தைப் பார்த்ததும் கயிற்றைக் கொடுத்துவிட்டேன்.

பசுவின் வெள்ளைப் பட்டையைக் கண்டு, சாலையில் ஜப்பானியச் சிப்பாய்கள் பாயை மறித்தார்கள். அடித்துக் கேட்டும் பாய் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. பசுவை அவிழ்த்துவிட்டார்கள். அது தன் கொட்டகைக்கே அவர்களை அழைத்து வந்தது.

மற்ற மாடுகளையும் ஈரச் சாக்கால் துடைத்துப் பார்த்தார்கள். யார் பூசியது என்று கேட்டபோது, அண்ணன் கரி படிந்த தம் கைகளை நீட்டினார். யார் கழுவியது என்று எவரும் கேட்கவில்லை. நான் மகளை மடியில் கிடத்தி லயத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏழு மாடுகளையும் அவரையே ஓட்டச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். பிறகு சயாமுக்கு, ரயில் பாதை போட அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

காயம் ஆறுமுன்பே மீதிக் கொய்னாவோடு நடந்து வந்த பாய்க்கும், அண்ணியார் வீட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுத்துக் காத்த லயத்து மக்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணியாருக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. மன்னிப்பை இங்கே கேட்கிறேன். மகள் லேசாக இருமினாலும் இன்றும் எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து, எலும்பும் தோலுமாய் ஒருவர் சயாமிலிருந்து எங்களைத் தேடி வந்தார். ரயில் பாதை முகாமில் அண்ணனோடு ஒரே கொட்டகையில் கிடந்தவர்; அண்ணனை மண்ணில் வைத்தவரும் இவரே. அது எந்த நாள் என்று இவருக்கும் தெரியவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைக்குத்தானே காய்ச்சல்? பொழச்சிச்சான்னு பாத்துச் சொல்லுய்யான்னு கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாருங்க. நல்லாத்தான் இருக்கு. இத நான் யாருகிட்ட போயி சொல்றது?"