அந்தோணியாருக்கு வேறு பேர்

ஒரு வரிகூட நிரல் எழுதுவதற்கு முன்பே மரியராஜ் கருவிக்குப் பேர் வைத்துவிடுவார். கோடு போட்ட நோட்டில் பேர், தேதி, எதற்காக என்று மூன்று கட்டம். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு அதனிடம் தோற்றது. ஒத்தக்கடையில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் கம்பெனியில் அவருக்கு வேலை. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலியை அங்கே பதினெட்டு பேர் எழுதுகிறார்கள். அந்தப் பதினெட்டு பேருக்கும் வேண்டிய கருவிகளைச் செய்து தருகிறவர் இவர்.

வைக்கிற பேரெல்லாம் புனிதர்கள். நிரலை சர்வருக்கு அனுப்பும் கருவி கிறிஸ்டோபர், அவர் பயணிகளின் காவலர் என்பதால். கண்டவனும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது மிக்கேல். ஓடிக்கொண்டிருந்த செயலி திடீரென்று படுத்துவிட்டால், இடையில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று தேடித் தருவது அந்தோணியார். தொலைந்ததைத் தேடுகிறவர்கள் அந்தோணியாரிடம் போக வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். அவருடைய உலகம் பங்குக் கோயிலின் எல்லையோடு முடிகிறது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

போதாததற்கு, அந்தோணியாரைத் தட்டினால் பதினான்கு கேள்வி கேட்பார். மிஷன் பள்ளியில் ஒன்பது வருடம் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்து, தப்பாகத் தட்டிய பிள்ளைகளைக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்த மனிதர் செய்த கருவி வேறு எப்படி இருக்கும்?

மூன்று மாதமாக ஒரு புனிதரிடமும் ஒருவரும் வேண்டிக்கொள்ளவில்லை. மேனேஜர் சுபலட்சுமி கணக்கெடுத்துப் பார்த்துவிட்டு, மாதக் கடைசிக்குள் யாரும் தொடாவிட்டால் கருவிகளை எடுத்துவிடலாம், மரியராஜ் பெற்றோரின் போன்களுக்குப் பதில் சொல்லும் மேசைக்குப் போகலாம் என்றார். பெற்றோருக்குப் பயந்துதான் மரியராஜ் வாத்தியார் வேலையையே விட்டது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும், பதினெட்டு பேரில் ஒருத்தியான ஆர்த்திகாவிடம் கேட்டார், ஏன் தொடுவதில்லை என்று. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தோணியாரத் தட்டுனா என்ன ஆகும்னு தெரியாம எப்படிண்ணே தட்டுறது? இருக்குற வேல அம்புட்டும் போதும்ணே."

மறுநாள் காலையில் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எல்லார் முதுகுக்குப் பின்னாலும் மாறி மாறி உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் அவர் வாழ்க்கையில் முதல் தடவை. செயலி படுக்கும்போதெல்லாம் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "நேத்து ஓடுச்சே." அப்புறம் எழுந்து மேசை மேசையாகப் போய், "நீ எதையாச்சும் தொட்டியா?" என்று கேட்டார்கள். யாருமே தொடவில்லை. அப்புறம் டீ குடிக்கப் போனார்கள். மதியத்துக்குள் இப்படிப் பதினோரு தடவை நடந்ததை எண்ணினார்.

அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவர்கள் தேடி அலைந்த மருந்து மூன்று மாதமாக அதே திரையில், அவர் ஒட்டிய பேருக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

நோட்டை விரித்து, "மன்னிச்சிரும், கோடி அற்புதரே" என்று சிலுவை போட்டுக்கொண்டு அந்தோணியார் என்ற பேரை அடித்தார். மேலே 'நேத்து ஓடுச்சே' என்று எழுதினார். பதினான்கு கேள்விகளையும் தூக்கினார். எந்த நாளோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் நேற்று என்று அவரே பதிலை எழுதிவைத்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒத்தக்கடை வேன் ஒன்று வரைபடத்தில் யானைமலை உச்சியில் போய் நின்றது. மேசை மேசையாகப் போய் ஆர்த்திகா விசாரித்தாள். மரியராஜும் தான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள், "நேத்து ஓடுச்சே" என்று முனகினாள். திரை ஓரத்தில் கருவியின் பேராக அதே சொல் இருந்தது. கை தானாகத் தட்டியது. பின்னால் ஸ்டூலில் இருந்த மரியராஜ் எட்டிப் பார்த்தார்.

ஒரே ஒரு வரி வந்தது. படித்துவிட்டு நாற்காலியோடு திரும்பினாள்.

"அண்ணே, நேத்து சாயந்தரம் நாலு பத்துக்கு இந்த வரியத் தொட்டது நீங்களாம்ல."

பதினெட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியராஜ் ஸ்டூலை விட்டு எழுந்தார். கைகளைக் குறுக்கே போட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.