லட்சுமிக்குக் கமலத்தின் முகம்

கமலம் போய்விட்டார்... இன்று காலை கண்டியிலிருந்து அவருடைய மகள் கால் பண்ணிச் சொன்னாள்.

இங்கே இருக்கும் நண்பர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. வீட்டில்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஹட்டன் கடைவீதியில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன்... பிழைத்தேன் என்பதே பெரிய வார்த்தை. பாதி நாள் வெறும் பிளேன்டீதான்.

எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், வட்டவளைப் பக்கம். "காலையில பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுக்காதவனுக்கு இங்க சோறு கெடையாது" என்று அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் எனக்கு வேலை ஓடவில்லை. கை சும்மா எதையாவது வரைந்துகொண்டே இருக்கும்.

கமலத்துக்கு அப்போது முப்பத்து மூன்று. கடைவீதியின் பெரிய துணிக்கடை வீட்டு மருமகள். கணவர் இறந்து ஆறு வருஷம். கடைக்குப் பின்னால் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். கடையை நடத்தியது கணவரின் அண்ணன்... எல்லோருக்கும் அவர் 'முதலாளி'.

கடைக்குப் புது போர்டு எழுத முதலாளி என்னைக் கூப்பிட்டார். நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் எழுத்து. மழைக்காலம், வெளியே பெயிண்ட் காயாது. தையல் மெஷின் இருந்த பின்வராந்தாவில் பலகையைச் சாய்த்து வைத்து மூன்று வாரம் வேலை செய்தேன்.

முதல் நாள் "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். ஒரு வாரத்தில் அது நின்றுபோனது.

ஒரு மத்தியானம், மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். "அக்கான்னு கூப்பிடுறத ஏன் விட்டுட்ட?"

பிரஷைத் துணியில் துடைத்தேன். "வரமாட்டேங்குதுங்க..."

மெஷின் நின்றது. முன்கடையில் முதலாளி யாருக்கோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசு" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். "லட்சுமிக்குக் கை சரியில்ல. என் கையப் பாத்து வரை."

நீட்டினார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

கையை வரையச் சொன்னது அவர். முகத்தையும் வரைந்தது நான். போர்டு மாட்டும் நாள்வரை யாருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். தெரியாமல் அந்தச் சாயல் வந்துவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன்... பொய். ஒவ்வொரு கோடும் தெரிந்தே போட்டதுதான்.

வெள்ளிக்கிழமை காலை போர்டை மேலே ஏற்றி மாட்டினோம். ஐயர், தேங்காய், கடைவீதிக் கூட்டம். முதலாளி துணியை இழுத்தார்.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ... கமலத்தின் முகம்.

முதலாளி என் சட்டையைப் பிடித்தார். "தாலியறுத்தவ நெத்தியில குங்குமம் வைக்கிறியாடா? ஊரே பாக்கணும்னு வைக்கிறியா?" நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏறுடா ஏணியில. நீயே அழி."

அப்போது கமலம் முன்வாசலுக்கு வந்தார். அந்த வாசலில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"அழிக்காத முத்து. தப்பா ஒண்ணும் வரையல நீ." அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

நான் ஏறினேன். நீலப் பெயிண்டில் பிரஷை முக்கினேன். முதலில் குங்குமம். அப்புறம் கண். அப்புறம் வாய்... முழுவதையும் அழித்தேன்.

மத்தியானமே அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஸ்டேசனுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். கொழும்பு ரயில் நகர ஆரம்பித்திருந்தது. அவர் இருந்த பெட்டியில் தாவி ஏறினேன். முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் கடைசிப் பெட்டியில் ஏறுவதும் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவை.

"ஏன் அழிச்ச?"

"பயந்துட்டேங்க."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பயப்படலயே..."

றொசல்லையில் ரயில் நின்றது. அந்த இரண்டு பேரும் இறங்கி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவன் கையில் தடி. எங்கள் ஜன்னலுக்கு வந்ததும் கமலமே எட்டிப் பேசினார்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். இவன் அவங்கப்பாகிட்ட போறான், வட்டவளையில எறங்கிடுவான். இவன் மேல கை வச்சீங்க, இந்தக் கோச்சியையே நிறுத்திடுவேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போய் ஏறினார்கள்.

வட்டவளை வந்தது.

"நானும் வர்றேங்க."

"எறங்கு முத்து. அவனுங்க பாத்துக்கிட்டிருக்கானுங்க."

"எங்க தேடி வரட்டும்?"

என் கையைப் பிடித்தார்... ஒரு நொடி. அப்புறம் தள்ளிவிட்டார். இறங்கினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கண்டியில் ஒரு தையல் கடையில் அவரைப் பார்த்தேன். மறுபடி கல்யாணம் ஆகியிருந்தது. கணவரும் தையல்காரர். தரையில் ஒரு சின்னப் பெண் துணித் துண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் கமலம் என்னைப் பார்த்துவிட்டார்.

"இவருதாங்க ஹட்டன்ல என்னய வரைஞ்சவரு" என்று கணவரிடம் சொன்னார். மறைக்காமல், குரல்கூட மாறாமல்.

அந்த மனுஷர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். "எனக்கு அதப் பாக்கக் குடுத்து வைக்கலீங்க" என்றார்.

அவர்கள் கொடுத்த டீயை அன்றைக்கு என்னால் குடிக்க முடியவில்லை.

அந்தச் சின்னப் பெண்தான் இன்று காலை பேசியது. "மாமா, நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறோம். மொகத்தப் பாக்கணும்னா நேரத்தோட வந்துடுங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

போய் வாங்க, கமலம்...