மீன் கடைக்காரன் ஆமை வளர்த்த கதை

வண்ண மீன் கடை வைத்திருப்பவனிடம் மீனைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், கடையில் ஒரே ஒரு ஆமைக்குட்டியை வைத்துப் பார்க்கட்டும். எண்பதுகளில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டிருந்தேன். மெட்ராஸ் மொத்த வியாபாரி ஒரு தடவை மீன்களோடு, நான் கேட்காமலேயே மூன்று ஆமைக்குட்டிகளையும் சேர்த்து அனுப்பிவிட்டார். காதோரம் சிவப்புக் கோடு, உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. ஆமை வளர்த்து அவதிப்பட்டவர்கள் இதைப் படித்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வாங்கும்போதே ஒரு நிபந்தனை

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆசையாகக் குனிந்து பார்ப்பார்கள். அது தலையை இழுத்துக்கொண்டால் சிரிப்பார்கள். விலை கேட்கப் போகும்போது வீட்டு ஞாபகம் வந்துவிடும். கடைசியில் கண்டமங்கலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் ஏழுமலை என்பவர்தான் துணிந்து ஒன்றை எடுத்தார். கூட வந்த அவர் மனைவி அஞ்சலைக்கு முகமே சரியில்லை. கணவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவரு ஆசைக்கு வாங்கட்டும்ங்க. ஆனா எங்க வூட்டு நெலப்படிய அது தாண்டக் கூடாது. தோட்டத்துப் பக்கம்தான் கெடக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

தட்டில் வைத்த மீன்

இரண்டாவது ஆமை திண்டிவனத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போனது. அவருக்கு அந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை, சுத்தத்தில்தான் நம்பிக்கை. சில நாளில் கவலையோடு வந்து நின்றார். தொட்டித் தண்ணீர் அழுக்காகக் கூடாதென்று ஆமையை வெளியே எடுத்து, பீங்கான் தட்டில் மீன் துண்டு வைத்திருக்கிறார். அது கவ்வுகிறதாம், கீழே போட்டுவிடுகிறதாம், பிறகு அவரையே பார்க்கிறதாம்.

எனக்கும் அது புதிர்தான். அவர் எதிரிலேயே என்னிடம் இருந்த ஆமையைத் தரையில் விட்டு ஒரு துண்டை நீட்டினேன். கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் நடந்ததே தவிர, உள்ளே இறக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். நேராகப் போய்த் தலையை முக்கியது, துண்டு காணாமல் போயிற்று. தண்ணீர் இல்லாமல் அதனால் விழுங்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. வாத்தியாருக்குத் திருப்தியாகிவிட்டது.

"பழைய சோத்த நாமகூட தண்ணி இல்லாம துன்ன மாட்டோமே. அதுகிட்ட மட்டும் எப்டிங்க எதிர்பார்க்கறது?"

துரைக்கு வந்த நோய்

மூன்றாவது என்னிடமே தங்கிவிட்டது. தனிக் கண்ணாடித் தொட்டி, தலைக்கு மேல் டியூப்லைட், தினமும் புதுத் தண்ணீர் என்று சௌகரியமாக இருந்ததால் துரை என்று பெயர் வைத்தேன். மீன் கடைக்காரனின் முதல் பாடம், தொட்டியில் வெயில் படக் கூடாது. பட்டால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். அதனால் துரையையும் கடையின் இருட்டு மூலையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

நன்றாகத் தின்றுகொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்திவிட்டான். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. ஒரு நாள் தூக்கிப் பார்த்தால், நமத்துப்போன அப்பளம் மாதிரி ஓடு என் கட்டைவிரலுக்கு வளைகிறது. விற்க வந்த சரக்குதான். ஆனால் அதற்குள் யார் என்ன விலை கொடுத்தாலும் கொடுக்க முடியாத நிலைக்கு வந்திருந்தேன். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு பசுவுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் காத்திருந்தோம். டாக்டர் திருப்பிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். நல்ல மனிதர், மழுப்பவில்லை.

"மாடு, ஆடு, கோழி வரைக்கும் படிச்சிருக்கேங்க. இதுல எனக்கும் உங்களுக்கும் ஒரே கவலைதான், வைத்தியம் ரெண்டு பேருக்கும் தெரியல."

கண்டமங்கலத்துக் கல்தொட்டி

அந்தச் சமயம் பார்த்து ஏழுமலை மீன் தீனி வாங்க வந்தார். கேட்கவே பயந்துகொண்டு அவர் ஆமையைப் பற்றிக் கேட்டேன். இப்போது ஒரு கைக்குள் அடங்குவதில்லை என்றார். நான் நம்பவில்லை. மறுநாளே பாண்டிச்சேரி பஸ் ஏறி, கண்டமங்கலத்தில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பழைய கல்தொட்டி. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. நடுவில் உடைந்த துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதன் மேல் ஆமை நாலு காலையும் நீட்டி, கழுத்தைத் தூக்கிக்கொண்டு, காயும் வெயிலில் சுகமாகப் படுத்திருந்தது. ஓட்டைத் தட்டினேன், என் விரல்தான் வலித்தது. துரையோடு ஒரே பெட்டியில் வந்தது, அதே மீன் துண்டைத் தின்பது. நான் எதை அண்ட விடாமல் காத்தேனோ, அது ஒன்றுதான் இதற்குக் கூடுதலாகக் கிடைத்திருந்தது. இதை நிழலில் வைத்ததே இல்லையா என்று அஞ்சலையிடம் கேட்டேன். குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"நெழலுக்கு எங்கங்க போறது? நெழலு இருக்கறது வூட்டுக்குள்ள. அங்கதான் அத சேர்க்கறதில்லன்னு அன்னிக்கே சொன்னனே."

மொட்டை மாடி வைத்தியம்

ஊர் திரும்பியதும் ஓர் அலுமினியப் பேசினில் செங்கல் வைத்து, துரையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். காக்கை கொத்தாமல் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். என் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. வைத்த நெத்திலி வைத்தபடியே கிடந்தது. பிழைக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்த ஒரு காலையில், ஒரு கண் மட்டும் திறந்தது. என்னைப் பார்த்தது, நெத்திலியைப் பார்த்தது, லபக்கென்று கவ்வித் தண்ணீருக்குள் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடு கெட்டிப்பட வெகுநாள் ஆயிற்று, ஒரு பக்கம் கோணல் கோணலாகவே நின்றுவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு நான் மாடியில் கிடந்ததையெல்லாம் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்த டீக்கடைக்காரர், அன்று டீயோடு மேலே வந்தார்.

"அதுக்கு நோவு வுட்டுடுச்சிண்ணே. ஒனக்கு எப்ப வுடப் போவுதோ தெரியல."

இத்தனை பாடுபட்டு நான் தெரிந்துகொண்டது, ஆமை வளர்க்கிறவன் தன் பாசத்தை நிழலில் வைத்துக்கொண்டு ஆமையை வெயிலில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.