மடியக் கூடாத நேரம்

மருத்துவமனைத் தாதி புஷ்பம் தாடையில் தையலோடு எங்கள் தொழிற்சாலைக்கு வந்த அன்றுதான், அத்தனை வருடம் நான் பார்த்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது. மலேசியாவில் சிம்பாங் ரெங்கம் பக்கம் மடக்கு சைக்கிள் செய்யும் இடம் அது. நான் கியூசி, அதாவது சைக்கிளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவன்.

எங்கள் முதல் மாடல் அரிசி மூட்டை போல் கனக்கும். மடக்க அரை நிமிடமாகும். ஆனால் நடுக் கீலின் லீவர் தானாகத் திறக்காமலிருக்க ஒரு பூட்டு இருந்தது. இரண்டாவது மாடல் இளைத்தது. மூன்றாவதில் பூட்டே போய்விட்டது. அதைத் திறக்க நேரம் வீணாகிறதாம். கண்காட்சியில் மேனேஜர் மோகன் எட்டு வினாடியில் மடக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஓட்டிப் பார்க்க யாரும் கேட்கவில்லை. மடக்கு சைக்கிளை எதற்கு ஓட்டுவது?

அதிர்வுச் சோதனையில் லீவர் தளர்ந்தது. மோகனிடம் சொன்னேன்.

"அண்ணே, ஸ்டேஷன்லருந்து ஆபிஸ் வரைக்கும்தான் ஓட்டுவாங்க. குனோங் லேடாங் மலையா ஏறப் போறாங்க? சைன் பண்ணுங்க லா."

பண்ணினேன். என் பேனாவில் எந்தத் தளர்வும் இல்லை.

அந்த மாடலை வாங்கிய புஷ்பம் வேலைக்குப் போகும்போது ஒரு வேகத்தடையில் கீல் திறந்து விழுந்திருக்கிறார்.

"லீவர சரியா மூடலையோ?" என்று மோகன் கனிவாகக் கேட்டார்.

"எட்டு செகண்ட்ல மடங்கும்னு சொல்லி வித்தீங்க. நான் மேல உக்காந்திருக்கும்போதே மடங்கிருச்சு. ஒரு செகண்டுகூட ஆகல. அதையும் விளம்பரத்துல போட்டுக்கங்க. இத யாரு செக் பண்ணது?"

மோகன் கூரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா," என்றேன். "தளருதுன்னு தெரிஞ்சேதான் சைன் போட்டேன்."

புஷ்பம் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அப்ப இத வாங்குன மத்தவங்க?"

அன்றே கிடங்கில் இருந்த அத்தனை சைக்கிளுக்கும் ஃபெயில் எழுதி, சோதனைத் தாளைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். விற்றவற்றையும் திரும்ப வாங்கினார்கள். மோகன் பல மாதம் என்னோடு பேசவில்லை. அந்த மாதங்களில் வேலை நன்றாக நடந்தது.

நான்காவது மாடலில் பழைய பூட்டு திரும்பி வந்தது. விளம்பரத்தில் அதற்குப் பெயர் 'புதிய பாதுகாப்புத் தொழில்நுட்பம்'. அதைக் கண்டுபிடித்ததற்காக மோகனுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சைக்கிள் எவ்வளவு வேகமாக மடிகிறது என்று பார்க்க ஊரே வரும். மடியாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.