படுதா மூடாத நெல்

எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு பேர் கூடி உட்கார்ந்து, நடக்காத ஒன்றை நடந்ததாக ஞாபகம் வைத்துக்கொள்ளும் சக்தி அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குறுவை அறுப்பு முடிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் எங்கள் நெல்லைக் குவித்துவிட்டு முறை வரக் காத்திருந்தோம். வீட்டில் ஆள் மாற்றி ஆள் குவியலுக்குக் காவல். வெயில் அடித்தால் படுதாவை விலக்க வேண்டும், மேகம் கூடினால் இழுத்து மூடிச் செங்கல் வைக்க வேண்டும். அன்று மத்தியானம் அத்தையின் முறை. அத்தை அப்பாவின் தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். நானும் கூடப் போயிருந்தேன்.

பெரியப்பா வந்து, "புள்ளைய அழைச்சிக்கிட்டு நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். அத்தை என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் என் குதிகால் சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. வீட்டுக்கு வந்து அத்தை மஞ்சள் வைத்துக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. குவியலை மூட அங்கே ஆள் இல்லை. பெரியப்பா அப்போது எங்கே போயிருந்தார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நெல் முளை விட்டது.

வீட்டில் தினமும் சாயங்காலம் இதே பேச்சு. அத்தையைப் போகச் சொன்னதே தனக்கு ஞாபகமில்லை என்றார் பெரியப்பா. அவள் அசந்து தூங்கியிருக்கலாம் என்று பெரியம்மா ஒரு சந்தேகத்தை எடுத்துப் போட்டாள். மறுநாள் அது சந்தேகமாக இல்லை. அம்மா ஒரு வேப்பமரத்து நிழலைக் கொண்டுவந்து சேர்த்தாள். சித்தப்பா, கூப்பிட்டும் அத்தை போனை எடுக்கவில்லை என்றார். ஒரு வாரத்தில் பெரியப்பாவே, தான் ஓடிவந்து அவளை எழுப்பியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் வேண்டுமென்று புளுகவில்லை, நம்பித்தான் சொன்னார். என் ஆத்திரம் அடங்காததற்கு அதுதான் காரணம். புளுகனாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

கட்டுப்போட்ட காலோடு நானும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அத்தை அடுப்படியிலிருந்து வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவளக் கேளுங்க. இவ எங்கூடத்தான் சைக்கிள்ல வந்தா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். தெளிவாகக் கண்ணில் தெரிந்தது.

"அத்தை படுதாவ மடிச்சித் தலைக்கு வச்சிக்கிட்டுத் தூங்கினாங்க" என்றேன்.

மடித்த படுதாவை அதுவரை யாரும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்தாள். மறுமாதம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள், பொங்கலுக்குக்கூட வரவில்லை.

போன மாதம் தங்கையின் வளைகாப்பில் பெரியப்பா இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அப்படி நடக்கவில்லை என்று நான் கத்தினேன். புடவையைத் தூக்கிக் குதிகால் தழும்பைக் காட்டினேன். அது மன்னார்குடியில் விழுந்து அடிபட்டது என்றாள் அம்மா. பெரியம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். "தூங்கினத நீதானடி பாத்தே?" என்று அம்மா கேட்டபோது, கையிலிருந்த வளையல் தட்டை விட்டெறியலாம் போல இருந்தது. ஏனென்றால் கண்ணை மூடினால் எனக்கும் வேப்பமரத்தடியில் தூங்கும் அத்தைதான் தெரிகிறாள். சைக்கிளில் வந்தது துளிகூட நினைவில் இல்லை. அன்று மத்தியானம் நடந்ததாக மேலே எழுதியிருப்பது, வேலை கிடைத்த பிறகு நான் திருப்பூருக்குத் தேடிப்போனபோது அத்தை சொன்னது. இவர்கள் மேல் வரும் கோபத்தில் பாதி என் மேலேயே வருகிறது.

அன்று அத்தை என்னைக் கூப்பிட்டபோது, அவளுக்காகப் பேச அந்த வீட்டில் வேறு ஒரு வாய் மிச்சமில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் பெரியப்பா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். எல்லாரும் என் தலையைத் தடவினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.