கோலசிலாங்கூரில் ஆற்றுக்குக் காத்திருந்தேன்

என் மலைநாட்டு ஊரான பதுளையில் ரயிலேறிய பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கிள்ளானிலிருந்து இருபத்தெட்டு மைல் ஓடிவந்த மோட்டார் பஸ் என்னை மலாய் நாட்டுக் கோலசிலாங்கூர்ப் படகுத்துறையில் இறக்கிவிட்டது. என் தங்கை செல்லம்மா ஆற்றோடு நாலு மைல் மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே கணக்கெழுதும் கிராணி. அன்று அவர்களுடைய மூன்று வயது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும் என்று கடிதம் போட்டவள், நேரத்தை எழுத மறந்திருந்தாள். நம் ஊரைப் போலக் காலையிலேயே முடித்துவிடுவார்களோ என்று உடனே படகு தேடினேன்.

சம்பான் என்ற சிறுபடகுக்குக் கூலி ஐம்பது காசு. மலாய்க்காரப் படகோட்டி சுருட்டுப் பிடித்தபடி ஆற்றைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு, தருகிறேன் என்றேன், சிரித்தார். இரண்டு வெள்ளி என்றதும் எழுந்துபோய், பக்கத்துத் தேநீர்க்கடை ராவுத்தரை அழைத்துவந்தார்.

"அஞ்சு வெள்ளி குடுத்தாலும் ஆறு கேக்காதுங்க," என்றார் ராவுத்தர். "தண்ணி இப்பக் கடலுக்கு எறங்குது. பதினோரு மணிக்குக் கடல் பொங்கி, தண்ணி திரும்பி மேல ஏறும். அப்பப் போங்க."

ஆறாவது, திரும்பி ஏறுவதாவது! ஆளைப் பார்த்துக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். பதுளை ஓயா ஆறு கீழே பாய்வதையே பார்த்து வளர்ந்தவன் வேறென்ன நினைப்பான்?

பொழுது போகாமல் ஊர்க் குன்றில் ஏறினேன். இதை இவர்கள் மலை என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் உச்சி வந்துவிட்டது. கடலைப் பார்த்த பழைய பீரங்கிகள், வெள்ளை வெளிச்சவீடு, சாம்பல் நிறக் குரங்குகள். அவற்றின் குட்டிகளோ செம்பொன் நிறம். ஒரு தாய்க்குரங்கு என் கையிலிருந்து கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. நம் பக்கத்துக் குரங்கென்றால் பொட்டலத்தோடு போயிருக்கும்.

பதினோரு மணி இருக்கும். கீழே கடலை நோக்கி மிதந்துகொண்டிருந்த தென்னமட்டை ஒன்று நின்றது. பிறகு மெல்ல உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தது. சத்தியமாக ஆறு திரும்பிக்கொண்டிருந்தது! தனியாக நின்று கைதட்டிவிட்டு, ஒரே ஓட்டமாக இறங்கினேன்.

தோட்டத்துத் துறையில் செல்லம்மா கணவரோடு நின்றிருந்தாள். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறோம். முகூர்த்தம் தப்பிவிட்டதா என்று அவள் கணவரிடம் கேட்டேன்.

"எங்க தப்பும், மச்சான்? தண்ணி ஏறுற நேரம் பாத்துத்தான் ரெண்டு மணிக்கு வச்சோம். காது குத்துற பத்தரே ஒங்க பின்னாலதான் வர்றாரு."

முதல் காதுக்கு, என் மடியிலிருந்த குழந்தை திகைத்துப் போனாள். இரண்டாவது காதுக்குத் தோட்டமே அதிர அலறினாள். அடி விழுந்தது பத்தருக்கல்ல, எனக்கு. அதன்பின் நாலு நாளும் என்னைக் கண்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். சிரித்தேன், ஆனாலும் மனசு வலித்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் புறப்பாடு. சம்பானுக்காகத் துறைப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை இரண்டு காதையும் பொத்தியபடி வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கையை எடுக்காமலே, தானாக என் மடியில் உட்கார்ந்தாள்.